பேருக்கா, மூக்குக்கா? டிசைனர் சென்ட்டுக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

முதல் சம்பளம் வந்ததும் வாங்க வேண்டியவை என்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். வீட்டுக்குப் புடவை, வேட்டி. தனக்கு போன், ஷூ, வாட்ச். இப்போது அந்த வரிசையில் சென்ட்டும் சேர்ந்துவிட்டது. இருநூறு ரூபாய் டியோ இல்லை; மால் கவுண்டரில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் டிசைனர் பெர்ஃப்யூம்.

ரீல்ஸைத் திறந்தால் ஒருத்தர், ‘இதைப் போட்டுட்டு உள்ளே போனா ஆபீஸே திரும்பிப் பார்க்கும்’ என்கிறார். அடுத்தவர், ‘பத்து மணி நேரம் நிக்கும், கேரன்டி’ என்கிறார். பாட்டில் விலை எட்டாயிரம், பத்தாயிரம், அதற்கும் மேலே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலருக்கு அது ஒரு வாரச் சம்பளம்.

அந்தக் காசு எதற்குப் போகிறது? மூன்று விஷயங்களுக்கு. ஒன்று, வாசனை. இரண்டு, பாட்டில் மேல் இருக்கும் பேர். மூன்று, ‘நம்ம மேல வாடை வருதோ’ என்கிற பயம். முதலாவதற்குக் கொடுக்கும் காசு நியாயமானது. இரண்டாவதற்குத் தெரிந்தே கொடுத்தால் தப்பில்லை. மூன்றாவதற்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏனென்றால் அந்தப் பயத்துக்கான மருந்து பெர்ஃப்யூம் பாட்டிலில் இல்லவே இல்லை.

பேர் ஒருவருடையது, பாட்டில் வேறொருவருடையது

துணி தைத்து விற்பவர்கள் சென்ட் விற்கத் தொடங்கிய கதை நூறு வருடத்துக்கு முந்தையது. 1911-ல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே, தன் மகள் ரோசின் பெயரில் ஒரு பெர்ஃப்யூம் கம்பெனி தொடங்கினார். பத்து வருடம் கழித்து, 1921-ல் கோகோ ஷனெல் ‘நம்பர் 5’ஐக் கொண்டுவந்தார். அதை உருவாக்கியவர் எர்னஸ்ட் போ என்ற பெர்ஃப்யூமர்.

1924-ல் அந்த வாசனையைப் பெரிய அளவில் தயாரித்து விற்கத் தனி கம்பெனி ஏற்பட்டது. அதில் வெர்தைமர் சகோதரர்களுக்கு 70 சதவீதம். அறிமுகம் செய்துவைத்த கடைக்காரர் தியோஃபில் பாடெருக்கு 20 சதவீதம். பேருக்குச் சொந்தக்காரரான ஷனெலுக்கு வெறும் 10 சதவீதம். தன் பெயரில் ஓடும் வியாபாரத்தில் தனக்குக் கிடைப்பது இவ்வளவுதானா என்று அவர் பல வருடம் சண்டை போட்டார்.

பேரும் பொருளும் தனித்தனி என்ற அந்த ஏற்பாடு இன்று தொழிலின் பொது விதியாகவே ஆகிவிட்டது. அர்மானி பெர்ஃப்யூமை விற்பது லொரியால். கால்வின் கிளைன், ஹ்யூகோ பாஸ், டேவிடாஃப் பெர்ஃப்யூம்களை விற்பது கோட்டி. ஃபேஷன் கம்பெனி தன் பெயரை உரிமமாகக் கொடுக்கும். அழகுசாதன கம்பெனி பாட்டிலை விற்று அதற்கு ராயல்டி கட்டும். ஷனெல், டியோர், எர்மெஸ் போன்ற சில வீடுகள்தான் சென்ட்டையும் தங்கள் கையிலேயே வைத்திருக்கின்றன. தங்களுக்கென்று சொந்தமாகப் பெர்ஃப்யூமர்களையும் வைத்திருக்கின்றன.

லட்ச ரூபாய் கோட் வாங்க முடியாதவர்களுக்கு எட்டாயிரம் ரூபாய் பாட்டில். அந்தப் பேரைத் தொட்டுப் பார்க்க இருக்கும் மலிவான வழி அதுதான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது. கண்ணாடி பாட்டில், பெட்டி, விளம்பரம், நடிகர் சம்பளம், கடை வாடகை, ராயல்டி, வரி எல்லாம் போக, உள்ளே இருக்கும் திரவத்துக்கு விலையில் மிஞ்சுவது சின்னப் பங்குதான்.

சமையல்காரர் ஒருவர், ஹோட்டல் பல

பாட்டிலுக்குள் இருப்பதைச் செய்வது யார்? பெரும்பாலான டிசைனர் பெர்ஃப்யூம்களின் ஃபார்முலா நான்கு பெரிய கம்பெனிகளில் ஒன்றில்தான் எழுதப்படுகிறது. ஜிவோடான், ஃபிர்மெனிச், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ். பொதுமக்கள் அதிகம் கேள்விப்படாத பேர்கள். ஆனால் சோப்பு, ஷாம்பு முதல் பத்தாயிரம் ரூபாய் பாட்டில் வரை இவர்கள் கை படாதது குறைவு. கூடிப் பேசி விலை வைத்தார்களா என்ற சந்தேகத்தில் 2023 மார்ச்சில் ஐரோப்பிய, சுவிஸ், பிரிட்டன் அதிகாரிகள் இந்த நால்வர் மீதும் விசாரணை தொடங்கினார்கள். தொழில் எவ்வளவு சிலர் கையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உதாரணத்துக்கு ஆல்பெர்ட்டோ மொரியாஸ். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் பிறந்தவர். ஃபிர்மெனிச்சின் புகழ்பெற்ற பெர்ஃப்யூமர். 1994-ல் வந்த கால்வின் கிளைனின் ‘சி.கே. ஒன்’ அவரும் ஹாரி ஃப்ரெமோனும் சேர்ந்து செய்தது. 1996-ல் வந்த அர்மானியின் ‘அக்வா டி ஜியோ’விலும் அவர் கைவண்ணம் உண்டு. 2017-ல் வந்த குச்சியின் ‘ப்ளூம்’ அவருடையது. மூன்று பிராண்டுகள், மூன்று விலைகள், ஒரே மூக்கு.

இந்தியாவிலும் இதே கதைதான். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், 2013-ல் ‘ஸ்கின்’ என்ற பெர்ஃப்யூம் வரிசையைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பெர்ஃப்யூமர்களையே நாடியது. அதனால் ‘லோக்கல்னா மட்டம், ஃபாரின்னா ஒஸ்தி’ என்ற பழைய கணக்கு இந்தத் தொழிலில் செல்லாது. மலிவு பாட்டிலில் சரக்குச் செலவைக் குறைத்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் விலை இரண்டு மடங்கு என்பதால் வாசனை இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

நம்ம ஊர் பூ, அவங்க ஊர் பாட்டில்

‘இயற்கையா, கெமிக்கலா?’ என்பது அடுத்த கேள்வி. கவுண்டரில் கேட்டால் பூ, பழம், மரம் என்று அழகான பதில் கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் ‘நோட்ஸ்’ பட்டியல் ஒரு வர்ணனை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற கணக்கு அது இல்லை.

நவீன பெர்ஃப்யூம் பிறந்ததே சோதனைக்கூடத்தில்தான். 1882-ல் உபிகான் கம்பெனியின் ‘ஃபூஜேர் ரொயால்’, செயற்கையாகத் தயாரித்த கூமரின் என்ற பொருளைப் பயன்படுத்தியது. காய்ந்த புல்லின் வாசனை அது. 1889-ல் கெர்லானின் ‘ஜிக்கி’யில் செயற்கை வெனிலின் வந்தது. ஷனெல் நம்பர் 5-ஐ மற்ற பூ வாசனைகளிலிருந்து பிரித்துக் காட்டியதும் ஆல்டிஹைடு என்ற ரசாயனம்தான். சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட துணியை உடுத்தியது போன்ற அந்தப் பளிச் வாசனை எந்தப் பூவிலும் இல்லை.

நம்ம ஊர் செய்திகளில் அடிக்கடி வரும் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் ‘திமிங்கில எச்சம் கடத்தல், கோடிக்கணக்கில் மதிப்பு’ என்று படிப்போமே, அந்த அம்பர்கிரிஸ் ஒரு காலத்தில் சென்ட்டின் உயர்ந்த சரக்கு. இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். அதே வாசனையை இன்று அம்ப்ராக்ஸான் என்ற மூலக்கூறு தருகிறது. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளை வைத்தே அதைச் செய்யலாம். திமிங்கிலத்தைத் தொட வேண்டியதில்லை. 2015-ல் வந்த டியோர் ‘சாவேஜ்’ போடும் ஒவ்வொருவரும் பூசிக்கொள்வது அம்ப்ராக்ஸான்தான். இங்கே கெமிக்கல் கெட்டது என்று சொல்ல என்ன இருக்கிறது?

அதற்காகப் பூவுக்கு வேலை இல்லை என்றும் அர்த்தமில்லை. தமிழ்நாட்டின் மல்லியும் ஜாதிமல்லியும் தலைக்கும் சாமிக்கும் மட்டும் போவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோ பூவிலிருந்து ஒரு கிலோ ‘கான்கிரீட்’ என்ற மெழுகு போன்ற சாறு எடுக்கிறார்கள். அது பிரான்ஸ் உட்படப் பல நாட்டு வாசனை கம்பெனிகளுக்குப் போகிறது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு உள்ள மரியாதை, பாட்டில் லேபிளில் ‘ஜாஸ்மின் சம்பாக்’ என்று வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

வெட்டிவேர் கதை இன்னும் ருசியானது. கெர்லான், கார்வென் முதல் பல பிராண்டுகள் ‘வெட்டிவெர்’ என்றே பெயர் வைத்துப் பெர்ஃப்யூம் விற்றிருக்கின்றன. அந்தப் பிரெஞ்சுச் சொல் தமிழிலிருந்து போனது. 2006-ல் ஜான் கிளோட் எலெனா செய்த ‘டெர் டெர்மெஸ்’ஸில் ஆரஞ்சுக்கு அடியில் நிற்பதும் வெட்டிவேர்தான். இன்று உலகச் சந்தைக்குப் பெருமளவு வெட்டிவேர் எண்ணெய் ஹெய்ட்டி நாட்டிலிருந்து போகிறது என்பது வேறு விஷயம். பானைத் தண்ணீரில் போட்ட வேரின் வாசனை தெரிந்த ஒருவருக்கு அந்தப் பாட்டில் அந்நியமாக இருக்காது.

கொலோன், ஈ.டி.டி., ஈ.டி.பி. – என்ன வித்தியாசம்?

பெர்ஃப்யூம் என்பது பெரும்பாலும் ஆல்கஹால். அதில் வாசனை எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதை வைத்துப் பெயர் மாறும். கொலோனில் சுமார் 2 முதல் 5 சதவீதம். ஓ டி டாய்லெட், அதாவது ஈ.டி.டி.யில் 5 முதல் 15. ஓ டி பெர்ஃப்யூம், அதாவது ஈ.டி.பி.யில் 15 முதல் 20. பெர்ஃப்யூம் அல்லது எக்ஸ்ட்ரேட் என்றால் அதற்கும் மேலே. இவை தொழிலில் பழகிவந்த அளவுகள். சட்டம் போட்ட எல்லைகள் இல்லை. ‘இன்டென்ஸ்’, ‘எலிக்ஸிர்’ போன்ற வால்களுக்கு வரையறையே கிடையாது.

கொலோன் என்பது ஜெர்மனியின் கொலோன் நகரப் பெயர். 1709-ல் அங்கே தொடங்கிய ஃபரினா வீட்டின் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைத் தண்ணீர்தான் அதன் மூலம். அது போட்ட உடனே குளிர்ச்சி தரும், சீக்கிரம் போய்விடும். அதன் வேலையே அதுதான். ‘ரெண்டு மணி நேரத்துல போயிடுச்சு, ஏமாத்திட்டாங்க’ என்று கொலோனைத் திட்டுவது, இளநீர் குடித்துவிட்டுப் பசி அடங்கவில்லை என்று சொல்வது மாதிரி.

இன்னொன்று. அதிக சதவீதம் என்றால் அதிக நேரம் நிற்கலாம். அதிக அழகு என்று அர்த்தமில்லை. எலுமிச்சை வகை மூலக்கூறுகள் லேசானவை, சீக்கிரம் பறந்துவிடும். மரம், பிசின், கஸ்தூரி வகையறா கனமானவை, தோலில் தங்கும். எனவே ஒரு சென்ட் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை முடிவு செய்வது விலை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான்.

நம்ம வெயிலுக்கு எது?

பாரிஸ் குளிரில் நன்றாக இருக்கும் சென்ட் சென்னை மே மாதத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சூட்டில் வாசனை வேகமாக ஆவியாகும். லேசானது சீக்கிரம் காணாமல் போகும். கனமானது திடீரென்று பூதாகாரமாக வீசும். ரீல்ஸில் சொல்லும் ‘எட்டு ஸ்ப்ரே’ கணக்கு குளிர் நாட்டு ஜாக்கெட்டுக்கு ஒத்து வரலாம். புழுங்கும் மீட்டிங் ரூமுக்கு ஒத்து வராது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சில பிரபல பாட்டில்களைப் பார்க்கலாம்.

அக்வா டி ஜியோ: கடல் காற்று, எலுமிச்சை. நம்ம வெயிலுக்கு இயல்பாகப் பொருந்தும். ஈ.டி.டி. வகை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடங்கிவிடும். அது குறை இல்லை. அந்த வகையின் சுபாவம்.

கூல் வாட்டர்: 1988-ல் பியர் பூர்டோன் செய்தது. லாவெண்டர், புதினா, சுத்தமான ஈரம். 1985-ல் வந்த, பல மடங்கு விலையுள்ள க்ரீடின் ‘கிரீன் ஐரிஷ் ட்வீட்’டும் இதுவும் ஒரே ஜாடை என்பது வாசனைப் பிரியர்களிடையே பழைய பேச்சு. டிசைனர் வரிசையில் மலிவான பாட்டில்களில் ஒன்று. ‘அப்பா காலத்து சென்ட்’ என்று ஒதுக்குபவர்கள் நஷ்டப்படுகிறார்கள்.

சி.கே. ஒன்: ஆண், பெண் இருவருக்கும். யாரையும் உறுத்தாது, யாரையும் அசத்தாது. ஆபீஸுக்கு வேண்டியது அநேகமாக இதுதான்.

சாவேஜ்: கெட்டிக்காரத்தனமான வாசனை. முதல் வீச்சிலேயே மிளகும் பெர்கமாட்டும் பளிச்சென்று அடிக்கும். நாள் முழுக்க அம்ப்ராக்ஸான் நிற்கும். பிரச்சினை வாசனையில் இல்லை, எண்ணிக்கையில். ஒரே லிஃப்டில் மூன்று பேர் இதையே ஆளுக்கு ஆறு ஸ்ப்ரே போட்டு வந்தால் நான்காவது ஆள் படி ஏறிப் போவார். இரண்டு ஸ்ப்ரே போதும்.

ப்ளூம்: மல்லிகை, நிலச்சம்பங்கி, ரங்கூன் மல்லி. மேற்கத்திய விமர்சகருக்கு இது தோட்டம், கவர்ச்சி, ரகசியம். நம்ம ஊர் மூக்குக்கு இது கல்யாண மண்டப வாசல். சிலருக்குச் சம்பங்கி வாசனை இழவு வீட்டு மாலையையும் நினைவுபடுத்தும். இரண்டும் சரிதான். வாசனைக்கு அர்த்தம் கொடுப்பது பாட்டில் இல்லை, வளர்ந்த ஊர். பிராண்ட் எழுதிய கதையை நம்பி வாங்கினால் இப்படித்தான் இடிக்கும்.

எர்மெஸ்ஸின் ‘அன் ஜார்தன் அப்ரே லா மூசோன்’ என்ற பெர்ஃப்யூமும் குறிப்பிட வேண்டிய ஒன்று. 2008-ல் வந்தது; மழைக்குப் பிந்தைய கேரளத்தை நினைத்து எலெனா செய்தது. இஞ்சி, ஏலக்காய், ஈரம். எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. போட்டிருப்பவருக்கு மட்டும் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். ரீல்ஸ் தராசில் இதற்கு மதிப்பெண் கிடையாது. மூக்குத் தராசில் நிறைய உண்டு.

வியர்வை பயம்

இப்போது அந்த மூன்றாவது விஷயத்துக்கு வரலாம். சென்ட் விளம்பரங்கள் வாசனையைவிட அதிகமாக விற்பது பயத்தை. ‘உங்க மேல வாடை வருது, யாரும் சொல்ல மாட்டாங்க’ என்பதுதான் பல டியோ விளம்பரங்களின் உள் அர்த்தம்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கதவோரம் தொங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஆபீஸ் வருபவரும், ஏ.சி. காரிலிருந்து இறங்குபவரும் ஒரே லிஃப்டில் ஏறுகிறார்கள். ஒருவர் சட்டையில் ஈரம், இன்னொருவர் சட்டையில் மடிப்புகூடக் கலையவில்லை. அந்த வித்தியாசம் சுத்தத்தில் இல்லை. வந்த வழியில் இருக்கிறது. ஆனால் கூனிக் குறுகுவது முதல் ஆள் மட்டும்தான். குடும்பத்திலேயே முதல் தலைமுறையாக ஏ.சி. ஆபீஸுக்குள் நுழையும் ஒருவருக்கு இந்தக் கூச்சம் எவ்வளவு பெரியது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தக் கூச்சத்தைக் குறிவைத்துத்தான் ‘கான்ஃபிடன்ஸ்’ என்ற பெயரில் பாட்டில் விற்கிறார்கள்.

அறிவியல் இதில் எளிமையானது. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அக்குள் போன்ற இடங்களில் சுரப்பதைத் தோலில் இருக்கும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை வரும். அதன் மேல் எட்டாயிரம் ரூபாய் சென்ட்டை அடித்தால் வாடை போகாது. வாடையும் சென்ட்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். அது இரண்டையும்விட மோசம்.

வேலை செய்யும் வைத்தியம் மலிவானது. குளியல், காற்றோட்டமான பருத்திச் சட்டை, பையில் ஒரு மாற்று பனியன், அலுமினிய உப்பு உள்ள ஆன்டிபெர்ஸ்பிரன்ட். டியோ வாடையை மறைக்கும் அல்லது பாக்டீரியாவைக் குறைக்கும்; வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். இரண்டும் ஒன்று இல்லை, லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். இரவில் உலர்ந்த தோலில் போட்டால் அது நன்றாக வேலை செய்யும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு டிசைனர் பாட்டில் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இதற்குப் பிறகும் சென்ட் வாங்கினால் அது ஆசைக்கு வாங்குவது. பயத்துக்கு வாங்குபவர் பத்து ஸ்ப்ரே அடிப்பார். ஆசைக்கு வாங்குபவருக்கு இரண்டே போதும்.

பக்கத்து சீட்டுக்காரரின் பாடு

மூக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதைக் கண்டுகொள்ளாது. ‘போட்ட சென்ட் எனக்கே வரலையே’ என்று மறுபடி அடிப்பவர்களின் கதை இதுதான். அவருக்கு வரவில்லை, அறை முழுக்க மற்றவர்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கடுமையான வாசனை நிஜமான தொந்தரவு. ‘சார், உங்க சென்ட் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று மேனேஜரிடம் சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? ஜன்னல் திறக்காத ஏ.சி. அறையில் எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று. கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரிந்தால் அது சரியான அளவு. ரீல்ஸில் பெருமையாகச் சொல்லும் ‘ரூம் ஃபில்லர்’ என்பது ஆபீஸில் ஒரு குற்றச்சாட்டு.

ஒரு ஸ்ப்ரே எவ்வளவு?

ஒரு அழுத்தில் வருவது ஏறக்குறைய 0.1 மி.லி. அப்படியென்றால் 100 மி.லி. பாட்டிலில் சுமார் 1,000 ஸ்ப்ரே. பாட்டில் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்ப்ரே 8 ரூபாய். தினமும் நான்கு போட்டால் 32 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. இப்படிப் பார்த்தால் டிசைனர் சென்ட் அநியாய விலை என்று சொல்ல முடியாது.

கணக்கு உதைப்பது வேறு இடத்தில். நான்கு ஸ்ப்ரே கணக்கில் ஒரு பாட்டில் 250 நாள் வரும். ஆஃபர் வரும்போதெல்லாம் வாங்கி ஐந்து பாட்டில் சேர்த்தால் 1,250 நாள், அதாவது மூன்றரை வருடத்துக்குப் பக்கம். அதற்குள் ஆசை மாறிவிடும். பாத்ரூம் ஈரத்திலோ, ஜன்னலோர வெயிலிலோ, கார் டேஷ்போர்டிலோ வைத்தால் வாசனையே கெட்டுவிடும். காசு வீணாவது விலையுயர்ந்த பாட்டிலில் இல்லை, தீராத பாட்டிலில்.

ஃபேக், குளோன், டிகான்ட்

பட்ஜெட் இடிக்கும்போது மூன்று வழிகள் கண்ணில் படும். மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்பக் கூடாது.

ஃபேக் என்பது அதே பேர், அதே பெட்டி, உள்ளே என்ன என்பது தெரியாது. சட்டவிரோதம் என்பதைவிட, தோலில் பூசும் பொருளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பொறுப்பில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. பாதி விலைக்கு ‘ஒரிஜினல் டெஸ்டர்’ என்று இன்ஸ்டாகிராமில் வந்தால் ஒதுங்கிவிடலாம்.

குளோன் வேறு. சொந்தப் பெயரில், பிரபல வாசனையின் ஜாடையில் வருவது. 2010-ல் வந்த க்ரீட் ‘அவென்டஸ்’ஸுக்கு துபாயின் அர்மாஃப் கொண்டுவந்த ‘க்ளப் டி நுயி இன்டென்ஸ்’ பிரபல உதாரணம். வாசனைக்குக் காப்புரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போனதில்லை. 2006-ல் பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் பெர்ஃப்யூம் வாசனைக்கு எழுத்தாளர் உரிமை போல எதுவும் கிடையாது என்றது. அதே ஆண்டு நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் லான்கோம் ‘ட்ரெசோர்’ வழக்கில் உண்டு என்றது. ‘எங்களுடையது இந்த பிராண்டின் வாசனை’ என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு விற்பது சரியில்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வாங்குபவர் வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. முதல் அரை மணி நேரம் ஒரிஜினல் மாதிரியே இருந்து, மதியம் வேறு முகம் காட்டும் குளோன்கள் உண்டு என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

டிகான்ட் என்பது ஒரிஜினல் பாட்டிலிலிருந்து 5 அல்லது 10 மி.லி. குட்டி பாட்டிலுக்கு மாற்றி விற்பது. நம்பகமான ஆளிடம் கிடைத்தால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 10 மி.லி. என்றால் 100 ஸ்ப்ரே. ஒரு மாசம் போட்டுப் பார்த்து, பிடித்தால் பெரிய பாட்டில்.

திருவல்லிக்கேணி, மண்ணடி பக்கம் அத்தர் கடைகளில் ஒரு நாள் மாலை செலவிடுவதும் நல்ல பாடம். ஆல்கஹால் இல்லாத எண்ணெய், துளித் துளியாக வாங்கலாம். ரோஜா, சந்தனம், ஊது என்று தனித்தனியாக முகர்ந்து பழகினால், பிறகு எந்த டிசைனர் பாட்டிலில் எது இருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

கவுண்டரில் என்ன செய்வது?

‘இதுதான் சார் டாப் செல்லிங்’ என்று காகிதத் துண்டை நீட்டுவார்கள். காகிதத்தில் தெரிவது முதல் பத்து நிமிட வாசனை. பாட்டில்கள் விற்பனையாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வாங்கியவர் குடித்தனம் நடத்த வேண்டியதோ மீதி ஆறு மணி நேரத்துடன். எனவே காகிதத்தில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். பிடித்த ஒன்றை மட்டும் மணிக்கட்டில் போட்டுக்கொள்ளலாம். இடையில் காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். வெளியே போய் இரண்டு நிமிடம் காற்று வாங்கினாலே அந்தப் பலன் கிடைக்கும்.

ஒருவருக்கு நன்றாக வந்த வாசனை இன்னொருவருக்கு வராமலே போகலாம். 2006-ல் வந்த ‘மாலிக்யூல் 01’ என்ற பெர்ஃப்யூமில் இருப்பது ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ஒரு வாசனைப் பொருள். சிலருக்கு அது மெல்லிய மரம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சில கஸ்தூரி வகை மூலக்கூறுகளுக்கும் இப்படித்தான். ரீல்ஸ்காரரின் மூக்கை நம்பி எட்டாயிரம் போடுவதில் உள்ள ரிஸ்க் இதுதான். நண்பர் சொன்னதும் அவருடைய மூக்குக்குத்தான் உண்மை. போதாக்குறைக்குப் பழைய ஃபார்முலாவும் மாறும். லில்லி வாசனை தரும் லிலியல் என்ற பொருளை ஐரோப்பா 2022 மார்ச்சில் தடை செய்தபோது பல பெர்ஃப்யூம்களை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஐந்து வருடம் முன் எழுதிய விமர்சனம் இன்றைய பாட்டிலுக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான்.

டெஸ்டரை மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, விற்பனையாளர் பில் போடத் தயாராகும்போது, துணிக்கடையிலும் நகைக்கடையிலும் கூச்சமில்லாமல் சொல்லிப் பழகிய அதே வார்த்தையை இங்கேயும் சொல்லலாம்: ‘பார்த்துட்டு வரேன்.’ பிறகு வெயிலில் நடந்து, பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், வேலையெல்லாம் முடிந்து படுக்கப் போகும் நேரத்தில் மணிக்கட்டை ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம். அப்போதும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். அதுவும் 30 மி.லி. பாட்டில் போதும்.